ஐந்தாண்டுக் கணக்கு இருபதாண்டு ஆனால்...

வருடக் கடைசியில் நகராண்மைக் கழகத்திலிருந்து ஒரு கடிதம் வரும். வழக்கமாக வரும் வீட்டு வரி பில் இல்லை. அதில் உங்கள் வீட்டின் பழைய ஆண்டு மதிப்பு ஒரு கட்டத்தில் இருக்கும், புதிய ஆண்டு மதிப்பு இன்னொரு கட்டத்தில் இருக்கும். கீழே சின்ன எழுத்தில், ஆட்சேபம் இருந்தால் இன்ன தேதிக்குள் எழுதித் தரலாம் என்று ஒரு வரி. நம்மில் பெரும்பாலோர் இரண்டாவது கட்டத்தில் உள்ள எண்ணைப் பார்த்து அதிர்ச்சி அடைவோம். தேதியைப் பார்க்க மாட்டோம்.

வானொலியில் காலை நேரத்தில் இந்தத் தலைப்பை எடுத்தால் போதும், தொலைபேசி ஓயாது. "தம்பி, வீட்டு வரி மூனு மடங்கு ஏறிடுச்சி" என்று ஒருவர். "இல்லப்பா, அது மதிப்பு, வரி இல்ல" என்று அடுத்தவர். மூன்றாவதாக அழைப்பவர் நில வரியைச் சொல்லித் திட்டுவார். மூவர் பேசுவதும் மூன்று வெவ்வேறு விஷயம். அதனால் முதலில் அதைப் பிரித்துவிடுவோம்.

நில வரி, அதாவது சுக்காய் தானா, மாநில அரசுக்குப் போவது. நில அலுவலகம் வசூலிக்கிறது. அடுக்குமாடி வீட்டுக்காரர்களுக்குப் பல மாநிலங்களில் அதுவே சுக்காய் பெத்தாக் என்ற பெயரில் வருகிறது. நாம் இங்கே பேசுவது சுக்காய் தக்சிரான், நம் பெற்றோர் காலத்துப் பேச்சில் சுக்காய் பிந்து. தமிழில் மதிப்பீட்டு வரி. இது உங்கள் வட்டார ஊராட்சி மன்றத்துக்கோ நகராண்மைக் கழகத்துக்கோ மாநகர் மன்றத்துக்கோ போகிறது. குப்பை எடுப்பது, கால்வாய் தூர்வாருவது, தெருவிளக்கு, விளையாட்டுத் திடல் என்று தாமானுக்குள் நடக்கும் வேலைகளுக்குப் பெரும்பகுதி பணம் இதிலிருந்துதான். ஆண்டுக்கு இரண்டு தவணை. பிப்ரவரி மாதக் கடைசிக்குள் ஒன்று, ஆகஸ்டு 31-க்குள் ஒன்று.

இந்த வரி உங்கள் சம்பளத்தைப் பார்த்துப் போடப்படுவதில்லை. தீபகற்பத்தின் பெரும்பாலான இடங்களில் வீட்டின் ஆண்டு மதிப்பைப் பார்த்துத்தான் போடப்படுகிறது. ஆண்டு மதிப்பு என்றால் வீட்டின் விலை இல்லை. அந்த வீட்டை வாடகைக்கு விட்டால் ஒரு வருடத்துக்கு நியாயமாக எவ்வளவு வரும் என்ற கணிப்பு. நீங்கள் வாடகைக்கு விடுகிறீர்களா, நீங்களே குடியிருக்கிறீர்களா என்பது கணக்கில் வராது. வெள்ளைக்காரன் தன் ஊரில் வைத்திருந்த முறை, நம் சட்டத்திலும் அப்படியே தங்கிவிட்டது. ஜொகூர் மட்டும் வேறு வழியில் போகிறது. அங்கே வாடகையைப் பார்ப்பதில்லை, நிலமும் கட்டடமும் சேர்ந்த சந்தை மதிப்பைப் பார்க்கிறார்கள். மதிப்பு பெரிய எண்ணாக இருப்பதால் விழுக்காடு மிகச் சிறியதாக இருக்கும். ஜொகூர் பாருவில் உள்ள சித்தப்பாவின் பில்லையும் ஈப்போவில் உள்ள உங்கள் பில்லையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டால் ஒன்றும் புரியாமல் போவது இதனால்தான்.

கணக்கு எளிது. மாத வாடகை 400 வெள்ளி என்று மதிப்பிட்டால் ஆண்டு மதிப்பு 4,800 வெள்ளி. வரி விகிதம் 6 விழுக்காடு என்றால் ஆண்டுக்கு 288 வெள்ளி. தவணைக்கு 144. இதில் இரண்டு கைப்பிடிகள் இருக்கின்றன. ஒன்று மதிப்பு, இன்னொன்று விகிதம். மதிப்பை ஏற்றி விகிதத்தை இறக்கினால் வரி அப்படியே இருக்கலாம், குறையவும் செய்யலாம். விகிதத்துக்கு மேல் வரம்பாக 1976ஆம் ஆண்டு ஊராட்சிச் சட்டம் ஆண்டு மதிப்பில் 35 விழுக்காட்டை வைத்திருக்கிறது. நடைமுறையில் எந்த வீட்டு விகிதமும் அதன் பக்கத்தில்கூடப் போவதில்லை.

சட்டத்தில் உள்ள ஓர் "அல்லது"

அதே சட்டத்தின் 137ஆவது பிரிவு, ஒவ்வோர் ஊராட்சி மன்றமும் தன் எல்லைக்குள் உள்ள எல்லாச் சொத்துகளுக்கும் ஒரு மதிப்பீட்டுப் பட்டியல் வைத்திருக்க வேண்டும் என்கிறது. தெருப் பெயர், வீட்டு எண், உரிமையாளர், குடியிருப்பவர், மதிப்பு எல்லாம் அதில் இருக்கும். அந்தப் பட்டியலை ஐந்தாண்டுக்கு ஒருமுறை புதிதாகத் தயாரிக்க வேண்டும். அதோடு நின்றிருந்தால் இந்தக் கட்டுரைக்கே வேலை இல்லை. அடுத்து ஓர் "அல்லது" வருகிறது. அல்லது மாநில அரசு முடிவு செய்யும் நீட்டிக்கப்பட்ட காலத்துக்குள்.

அந்த ஒரு சொல்லில்தான் எல்லாம் நழுவியது. கோலாலம்பூர் மாநகர் மன்றத்தின் பட்டியல் 1992இல் செய்யப்பட்டது. அடுத்த பட்டியலுக்கான அறிவிப்பு வீடுகளுக்கு வந்தது 2013 நவம்பரில். நடுவில் இருபது ஆண்டுக்கு மேல் ஓடிவிட்டது. இந்த இருபது ஆண்டில் அந்நகரம் என்னவெல்லாம் பார்த்தது என்று எண்ணிப் பாருங்கள். இரட்டைக் கோபுரம் எழுந்தது, எல்ஆர்டி வந்தது, பங்சார் பங்சாராக மாறியது. பட்டியல் மட்டும் 1992ஆம் ஆண்டு வாடகையிலேயே உட்கார்ந்திருந்தது.

ஏன் இப்படி என்று கேட்டால் பொதுவாக ஆள் பற்றாக்குறை, செலவு என்ற பதில் வரும். அதில் உண்மை உண்டு. பல்லாயிரம் வீடு, கடை, தொழிற்சாலை ஒவ்வொன்றுக்கும் வாடகைத் தகவல் திரட்டி மதிப்பிடுவது சின்ன வேலை இல்லை. ஆனால் என் பார்வையில் பெரிய காரணம் வேறு. புதிய பட்டியல் வந்த வருடம் வீடு வீடாகக் கோபம் வரும். தேர்தலுக்கு முந்திய வருடத்தில் எந்த மாநில அரசும் அந்தக் கோபத்தை விலைக்கு வாங்காது. தேர்தல் முடிந்த வருடத்தில் "இப்போதுதான் ஓட்டுப் போட்டார்கள், கொஞ்சம் பொறுப்போம்" என்று தோன்றும். தள்ளிப்போடுவது ஒவ்வொரு தடவையும் புத்திசாலித்தனமாகவே தெரியும். தள்ளத் தள்ள அடுத்த தடவை வரும் அடி பெரிதாகும். அதற்குப் பயந்து இன்னும் தள்ளுவார்கள்.

2013ஆம் ஆண்டு இறுதியில் கோலாலம்பூரில் நடந்தது அதுதான். பல வீடுகளின் ஆண்டு மதிப்பு இரண்டு மூன்று மடங்காக அறிவிப்பில் இருந்தது. அந்தச் சமயத்தில் பெட்ரோல் விலை 20 சென் ஏறியிருந்தது, சர்க்கரை மானியம் எடுக்கப்பட்டிருந்தது, ஜனவரியில் மின்கட்டணம் கூடப்போகிறது என்ற அறிவிப்பும் வந்திருந்தது. அதற்கு மேல் இந்தக் கடிதம். ஆட்சேபம் கொடுக்க டிசம்பர் 17 வரை நேரம். மாநகர் மன்றத்தில் ஆட்சேபக் கடிதங்கள் குவிந்தன, எதிர்ப்புக் கூட்டங்கள் நடந்தன. கடைசியில் குடியிருப்புக்கான விகிதம் 6 விழுக்காட்டிலிருந்து 4 ஆகவும், வர்த்தகக் கட்டடங்களுக்கு 12இலிருந்து 10 ஆகவும் இறங்கியது. மதிப்பு ஏறியது, விகிதம் இறங்கியது. அறிவிப்பை அனுப்பும்போதே "விகிதத்தைக் குறைப்போம், உங்கள் வரி இவ்வளவுதான் ஆகும்" என்று ஒரு வரி சேர்த்திருந்தால் பாதிப் பேருக்கு அந்த டிசம்பரில் தூக்கம் கெட்டிருக்காது.

பழைய பட்டியல் யாருக்கு லாபம்?

"பட்டியல் பழசாகவே இருந்தால் நமக்கு நல்லதுதானே? வரி ஏறாதே" என்று கேட்பவர்கள் நிறைய. கேட்க நன்றாக இருக்கிறது. கணக்குப் போட்டுப் பார்த்தால் வேறு மாதிரி வருகிறது.

இரண்டு வரிசை வீடுகளை எடுத்துக்கொள்வோம், ஒரே மன்றத்தின் எல்லைக்குள். பழைய பட்டியல் செய்தபோது இரண்டுக்கும் மாத வாடகை 400 வெள்ளி. ஆகவே இரண்டு வீடும் ஆளுக்கு 288 வெள்ளி கட்டி வந்தன. பிறகு முதல் வீட்டின் பக்கத்தில் எம்ஆர்டி நிலையம் வந்தது, பேரங்காடி வந்தது. இன்று அதன் வாடகை 2,500. இரண்டாவது வீடு பழைய தாமானில், மழை பெய்தால் முட்டிவரை தண்ணீர், பேருந்து மணிக்கு ஒன்று. அதன் வாடகை 900. பட்டியலைத் தொடாதவரை இரண்டு பேரும் இன்னும் 288தான் கட்டுகிறார்கள்.

இப்போது மன்றம் கூடுதலாக ஒரு காசும் வசூலிக்கக் கூடாது என்று வைத்துக்கொண்டே பட்டியலை மட்டும் புதுப்பித்தால் என்ன ஆகும்? இரண்டு வீட்டின் புதிய ஆண்டு மதிப்பு 30,000 வெள்ளியும் 10,800 வெள்ளியும். அதே 576 வெள்ளி மொத்தம் வர, விகிதத்தை ஏறக்குறைய 1.41 விழுக்காட்டுக்கு இறக்கினால் போதும். முதல் வீடு சுமார் 423 வெள்ளி கட்டும். இரண்டாவது வீடு சுமார் 153 வெள்ளி. அதாவது பழைய தாமான்காரர் இத்தனை வருடமும் பாதிக்குப் பாதி அதிகமாகக் கட்டிக்கொண்டிருந்தார். எம்ஆர்டி பக்கத்து வீட்டுக்காரரின் தெருவிளக்குக்கும் சேர்த்துத்தான். அவருக்கு அது தெரியாது. பில்லில் எண் மாறாததால், தனக்கு ஒன்றும் நடக்கவில்லை என்று நிம்மதியாக இருந்தார்.

தோட்டத்தை விட்டு வெளியேறி மலிவு விலை அடுக்குமாடிகளுக்கும் பழைய வரிசை வீடுகளுக்கும் வந்தவர்கள் நம்மில் அதிகம். வாடகை மெதுவாக ஏறும் பகுதிகள் அவை. ஆகவே மறுமதிப்பீடு என்ற சொல்லைக் கேட்டதும் "வேண்டாம்" என்று கத்துவதற்கு முன் நாம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: "விகிதத்தை எவ்வளவு இறக்குவீர்கள்?"

சிலாங்கூரில் அண்மையில் நடந்ததை இந்தக் கணக்கை வைத்துப் பார்க்கலாம். பல பத்தாண்டுகளுக்குப் பிறகு அங்கே பல மன்றங்கள் பட்டியலைத் திருத்தின. 2025 ஜனவரியிலிருந்து நடப்புக்கு வந்தது. வரி உயர்வு 25 விழுக்காட்டுக்கு மேல் போகக் கூடாது என்று மாநில அரசு வரம்பு வைத்தது. 288 கட்டியவர் அதிகபட்சம் 360. ஓய்வூதியத்தில் வாழ்பவருக்கு அது பெரிய ஆறுதல், மறுக்க முடியாது. ஆனால் மேலே சொன்ன இரண்டு வீட்டுக்காரர்களையும் இந்த வரம்புக்குள் நிறுத்திப் பாருங்கள். இருவரும் 360 கட்டினால், பழைய தாமான்காரர் இன்னும் மற்றவருக்குச் சமமாகத்தான் கட்டுகிறார், கூடுதலாக 72 வெள்ளியும் சேர்த்து. வரம்பு அதிர்ச்சியைக் குறைக்கிறது. ஏற்றத்தாழ்வைச் சரிசெய்வதில்லை. அதைச் சரிசெய்ய அடுத்த பட்டியல் உரிய காலத்தில் வர வேண்டும்.

பாலத்துக்கு அப்பால் சிங்கப்பூரிலும் ஆண்டு மதிப்பு முறைதான். ஆனால் அங்கே வருமான வரித் துறை ஒவ்வோர் ஆண்டும் மதிப்பைப் பரிசீலிக்கிறது. 2022, 2023இல் வாடகை தாறுமாறாக ஏறியபோது மதிப்பும் கூடவே ஏறியது, முணுமுணுப்பும் இருந்தது. அரசாங்கம் சொந்த வீட்டில் குடியிருப்பவர்களுக்குத் தள்ளுபடி கொடுத்துச் சமாளித்தது. 2025 முதல், ஆண்டு மதிப்பில் முதல் 12,000 டாலருக்குக் குடியிருப்பவரிடம் வரியே இல்லை. முன்பு அது 8,000 டாலராக இருந்தது. வருடா வருடம் பார்ப்பதால் ஒரேயடியாக இருபது வருட ஏற்றம் யார் தலையிலும் விழுவதில்லை.

மறுகோடியில் இங்கிலாந்து. இந்த முறையை நமக்குக் கொடுத்த நாடு. அங்கே இன்று வீட்டு வரி வேறு வடிவத்தில் இருக்கிறது. வீடுகளை விலைப்படி பிரிவுகளாக அடுக்கியிருக்கிறார்கள். அந்த விலை எந்தத் தேதியுடையது தெரியுமா? 1991 ஏப்ரல் 1. போன மாதம் கட்டி முடித்த வீட்டுக்கும், "1991இல் இது இருந்திருந்தால் என்ன விலை போயிருக்கும்" என்று கற்பனை செய்துதான் பிரிவு ஒதுக்குகிறார்கள். பக்கத்து வேல்ஸ் 2005இல் ஒருமுறை புதுப்பித்துக்கொண்டது. இங்கிலாந்தில் எந்தக் கட்சியும் கை வைக்கத் துணியவில்லை. தள்ளிப்போடும் வியாதி நமக்கு மட்டும் வந்ததில்லை.

கடிதம் வந்தால்

புதிய பட்டியல் தயாரானால் மன்றம் அதை அறிவித்து, பொதுமக்கள் பார்வைக்கு வைக்க வேண்டும். இறுதித் திருத்தம் செய்யும் நாளும் குறிப்பிடப்படும். அந்த நாளுக்குக் குறைந்தது 14 நாள் முன்பாக ஆட்சேபம் எழுத்து மூலம் மன்றத்துக்குப் போய்ச் சேர வேண்டும். 142ஆவது பிரிவு இதைச் சொல்கிறது. தொலைபேசியில் கத்தினாலும் முகநூலில் எழுதினாலும் அது ஆட்சேபம் ஆகாது.

எதற்கு ஆட்சேபிக்கலாம் என்பதையும் சட்டம் சொல்கிறது. மதிப்பு இருக்க வேண்டியதைவிட அதிகம். வரி போடக் கூடாத சொத்துக்கு வரி போட்டிருக்கிறார்கள். தனித்தனியாக மதிப்பிட வேண்டியதைச் சேர்த்து மதிப்பிட்டிருக்கிறார்கள். இப்படிப்பட்ட காரணங்கள். "எனக்குக் கட்ட வசதியில்லை" என்பது அந்தப் பட்டியலில் இல்லை. அது உண்மையான கஷ்டம்தான், ஆனால் அதற்குத் தனியாகத் தள்ளுபடி விண்ணப்பம் எழுத வேண்டும். ஆட்சேபக் கடிதத்தில் கண்ணீர் விட்டால் அதிகாரி அனுதாபப்படுவார், மதிப்பு அப்படியே இருக்கும். உங்கள் தெருவில் இதே அளவு வீடு மாதம் 900 வெள்ளிக்குப் போகிறது, என் வீட்டை 1,300 என்று போட்டிருக்கிறீர்கள், இதோ பக்கத்து வீட்டு வாடகை ஒப்பந்தத்தின் நகல், இதோ கூரை ஒழுகும் படம், இதோ வெள்ளம் வந்த படம். இப்படி எழுதினால் அவர் கணக்கைத் திறந்து பார்த்தே ஆக வேண்டும். பிறகு விசாரணைக்கு நேரில் அழைப்பார்கள். போக வேண்டும். முடிவு திருப்தி இல்லையென்றால் உயர்நீதிமன்றத்துக்குப் போகும் உரிமை உண்டு. ஆனால் வழக்கறிஞர் செலவைப் பார்த்தால் அது கட்டட முதலாளிகளுக்கான வழி. வரிசை வீட்டுக்காரருக்கு மன்ற விசாரணைதான் உண்மையான வாய்ப்பு.

நம் குடும்பங்களில் அடிக்கடி பார்க்கும் இன்னொரு சிக்கல் பெயர். அப்பா இறந்து பத்து வருடம் ஆகியிருக்கும், கடிதம் இன்னும் அப்பா பெயரில் வரும். "என் பெயரில் இல்லையே, நான் எப்படி ஆட்சேபிப்பது?" என்று அப்படியே வைத்துவிடுவார்கள். பாதிக்கப்பட்ட எவரும் ஆட்சேபிக்கலாம் என்பதே சட்டத்தின் சொல். ஆட்சேபத்தைக் கொடுங்கள், கையோடு பெயர் மாற்றத்தையும் தொடங்குங்கள். அதுவும் சட்டப்படி தெரிவிக்க வேண்டிய ஒன்றுதான்.

ஐந்தாண்டுப் பட்டியலுக்குக் காத்திருக்காமலே உங்கள் ஒரு வீட்டை மட்டும் மன்றம் மறுமதிப்பீடு செய்ய முடியும் என்பதும் பலருக்குத் தெரியாது. பின்னால் சமையலறையை நீட்டினீர்கள், மாடி எழுப்பினீர்கள் என்றால், 144ஆவது பிரிவின்படி பட்டியலில் அந்த வரியை மட்டும் திருத்தலாம். அதற்கும் முன்னறிவிப்பு தர வேண்டும், அதையும் ஆட்சேபிக்கலாம்.

கோயில் நிர்வாகங்களுக்கும் ஒரு சொல். முழுக்க வழிபாட்டுக்குப் பயன்படும், லாப நோக்கமில்லாத இடங்களுக்கு விலக்கு அளிக்க மாநில அரசுக்கு அதிகாரம் இருக்கிறது. தானாக வராது, கேட்டுப் பெற வேண்டும். கருவறையும் மகா மண்டபமும் அதற்குள் அடங்கும். கல்யாணத்துக்கு வாடகைக்கு விடும் மண்டபமும் முன்வரிசைக் கடைகளும் அடங்குமா என்பது வேறு கேள்வி. புதிய பட்டியல் வரும்போது மன்ற அதிகாரி அந்த மண்டபத்தைப் பார்த்துத்தான் முதலில் கேள்வி கேட்பார். கணக்கைத் தனித்தனியாக வைத்திருக்கும் கோயில்கள் பதில் சொல்லிவிடும்.

இவ்வளவுக்கும் நடுவில் யாரிடம் போய்க் கேட்பது? நம் கவுன்சிலர்கள் நாம் ஓட்டுப் போட்டு வந்தவர்கள் இல்லை. ஊராட்சித் தேர்தல் 1965இல் நிறுத்தி வைக்கப்பட்டது. 1976ஆம் ஆண்டின் இதே சட்டம்தான் அதற்கு நிரந்தர முற்றுப்புள்ளி வைத்தது. பட்டியலைப் புதுப்பிக்க ஐந்தாண்டு என்று எழுதிய அதே சட்டம், அதைக் கேட்கும் வாக்காளரை எடுத்துவிட்டது. கவுன்சிலரை நியமிப்பது மாநில அரசு, காலத்தை நீட்டிப்பதும் மாநில அரசு. ஆகவே இந்தக் கேள்வியைச் சட்டமன்ற உறுப்பினரிடம் கேட்பதுதான் பொருத்தம். நம் மன்றத்தின் பட்டியல் எந்த ஆண்டுடையது? ஐந்தாண்டு தாண்டியிருந்தால், எதுவரை நீட்டித்திருக்கிறார்கள்? அடுத்த பட்டியலோடு விகிதம் எவ்வளவு இறங்கும்?

தொகுதிச் சேவை மையம் திறந்திருக்கும் நாளில் போய்க் கேட்கலாம். கையில் உங்கள் பழைய பில் ஒன்றையும் எடுத்துச் செல்லுங்கள். ஆண்டு மதிப்பும் விகிதமும் அதிலேயே அச்சாகியிருக்கும்.